மறுபடி எப்போது ஓடலாம்?

ஷா ஆலம் காருக்காக வரையப்பட்ட நகரம். ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1960களில் திட்டமிட்டு எழுப்பப்பட்டு, 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. அகன்ற சாலைகளும் வட்டச் சந்திப்புகளும் எண்ணிட்ட பிரிவுகளுமாக விரிந்து கிடக்கும் இந்த ஊரில், கடைக்குப் போய் வருவதே உடற்பயிற்சியாகிவிடாது. அதற்கென்று இடம் தேடிப் போக வேண்டும். சிலருக்கு அது ஏரிப் பூங்காவின் சமதளப் பாதை. சிலருக்குப் பழைய பெயரால் இன்னும் புக்கிட் சஹாயா என்றே வழங்கும் 817 ஹெக்டேர் தாவரவியல் பூங்காவின் மேடுகள். வேலை முடிந்த இரவுகளில் பூப்பந்துக் கூடத்துக்கும் ஃபுட்சல் திடலுக்கும் போகிறவர்கள் மற்றவர்கள்.

இந்த நான்கும் இதயத்திடம் நான்கு விதமான வேலை வாங்குகின்றன. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலை ஒரு ‘மெட்’ என்று கொண்டால், சமதளத்தில் மிதமான நடைக்கு மூன்றரை மெட் போதும். நண்பர்களோடு ஆடும் பூப்பந்துக்கு ஐந்தரை, போட்டியாக ஆடினால் ஏழு. மெதுவாகப் படியேற நான்கு, வேகமாக ஏறினால் எட்டுக்கும் மேல்.

சீரற்ற இதயத் துடிப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர் எல்லாரும் கேட்கும் கேள்வி, “மறுபடி எக்சர்சைஸ் செய்யலாமா?” என்பது. பெரும்பாலோருக்குப் பதில் ‘ஆம்’ தான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சிகிச்சைக்குப் பின், எத்தனையாவது வாரத்தில், எந்த மருந்தை விழுங்கிக்கொண்டு, எத்தனை மெட் என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். அப்படிக் கேட்காதவர்கள் இரண்டு வகையில் தவறிப்போகிறார்கள். ஒருவர் இரண்டாம் வாரமே பூப்பந்து மட்டையைத் தூக்குகிறார். இன்னொருவர் பயந்துபோய் ஆறு மாதம் சோபாவை விட்டு எழுவதில்லை. இரண்டாமவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்வதாக நினைக்கிறார். உண்மையில் அவர் தன் சிகிச்சையின் ஒரு பாதியைக் கைவிட்டுவிடுகிறார்.

மேலறையில் என்ன நடக்கிறது

சீரான இதயத்தில் ஒவ்வொரு துடிப்பும் வலது மேலறையின் உச்சியிலுள்ள சைனஸ் கணுவில் பிறக்கிறது. அந்த மின்குறிப்பு மேலறைகளில் பரவி, ஏவி கணு என்னும் ஒற்றை வாயில் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சீரற்ற துடிப்புகளில் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். 2019-இல் உலகெங்கும் ஏறக்குறைய 6 கோடிப் பேருக்கு இதுவோ, இதன் நெருங்கிய உறவான ஃபிளட்டரோ இருந்ததாக மதிப்பிட்டார்கள். இதில் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான குறிப்புகளால் தாறுமாறாக நடுங்குகின்றன.

அத்தனையும் கீழறைக்கு இறங்கினால் மனிதர் உயிரோடு இருக்க முடியாது. காப்பாற்றுவது ஏவி கணு. கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி 1 அன்று எடுக்கப்படும் வரை இருந்த பத்து தீகா சுங்கச்சாவடியை நினைவிருப்பவர்களுக்கு இதன் வேலை எளிதில் புரியும். பின்னால் எத்தனை கார்கள் முட்டிமோதி நின்றாலும், சாவடி தன்னால் முடிந்த அளவுக்குத்தான் விடும். ஏவி கணுவும் மிஞ்சியதை நிறுத்திவிட்டு நிமிடத்துக்கு 100, 140, 160 என்று ஒழுங்கில்லாமல் கீழே அனுப்புகிறது. உடற்பயிற்சியின்போது சுரக்கும் அட்ரினலின் சாவடியின் எல்லா முகப்புகளையும் திறந்துவிடும். அதனால்தான் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் படியேறும்போது துடிப்பு திடீரென்று எகிறுகிறது, மூச்சு வாங்குகிறது.

1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேரும் அவருடைய குழுவும் 45 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இந்தத் தாறுமாற்றைத் தொடங்கிவைக்கும் பொறிகளில் 94 விழுக்காடு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள்ளேயே பிறப்பதைக் கண்டார்கள். இன்றைய அப்லேஷன் சிகிச்சை அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. தொடை இடுக்கிலுள்ள பெரிய சிரை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போய், அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ, உறைகுளிராலோ, அண்மைக் காலமாக மின்துடிப்புப் புலத்தாலோ வடு உண்டாக்குகிறார்கள். வடுவை மின்குறிப்பு கடக்காது. பொறி சிரைக்குள்ளேயே அடங்கிவிடும்.

கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் தேசிய இருதயக் கழகம், ஐஜேஎன், உள்ளிட்ட இதய மையங்களில் இந்தச் சிகிச்சை இன்று வழக்கமானது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வெளியே தெரியும் காயம் அரிசிமணி அளவுதான். அதனால் குணமாவதும் அவ்வளவு சீக்கிரம் நடந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது.

மூன்று காலக்கெடு

உண்மையில் ஆற வேண்டியவை மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு.

முதலாவது தொடை இடுக்கு. கதீட்டர் நுழைந்த சிரை மூடிக்கொள்ளச் சில நாள்கள் போதும். ஆனால் நோயாளி இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் உட்கொண்டிருப்பதால், அழுத்தம் கூடினால் அங்கே இரத்தம் கட்டி வீங்கலாம். முதல் ஒரு வாரத்துக்குப் பத்துக் கிலோ அரிசிப் பை, எரிவாயுத் தோம்பு, பேரப்பிள்ளை என எதையும் தூக்க வேண்டாம். முக்கிக் குந்துவதைத் தவிர்க்கலாம். சமதளத்தில் மெல்ல நடப்பதற்குத் தடையில்லை. மறுநாளே வீட்டுக்குள் நடக்கலாம். சில நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நடக்கலாம்.

இரண்டாவது இதயத்துக்குள் உண்டான காயம். அது முதலில் வீங்கி, பிறகு வடுவாக இறுக வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில் எரிச்சலுற்ற திசு தானே பொறிகளைக் கிளப்பும். அதனால் சிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரங்களில் படபடப்பு திரும்பினால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு கட்டுவதில்லை. இந்தப் பொறுமைக் காலத்தை நெடுங்காலம் மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024-இல் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசிய பசிபிக், இலத்தீன் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. இதயநோயாளிகளின் விளையாட்டு பற்றி 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, அப்லேஷனுக்குப் பின் ஒரு மாதம் நோய் திரும்பாமல் இருந்தால் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை இப்படி அமையும்: முதல் மாதம் நடை, இரண்டாம் மாதம் படிப்படியாக விரைவு நடையும் மிதமான சைக்கிளும், எட்டு வாரம் கடந்து ஈசிஜியும் மருத்துவரும் ஒப்பிய பிறகு மெதுவோட்டம், பூப்பந்து.

இந்தக் கட்டத்தில் பலரைக் கலங்கவைப்பது கைக்கடிகாரம். அப்லேஷனுக்குப் பின் ஓய்வு நிலையிலேயே துடிப்பு நிமிடத்துக்குப் பத்து வரை கூடியிருக்கலாம். சிரைகளின் வாயருகே இதயத்தைத் தணித்து வைக்கும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. சூடு அவற்றையும் தொட்டுவிடுகிறது. 62 என்று காட்டிக்கொண்டிருந்த கடிகாரம் 72 என்று காட்டினால், துடிப்பு சீராக இருக்கும் வரை அது அபாயமில்லை. மாதக்கணக்கில் அப்படியே நீடிப்பதும் உண்டு.

ஆனால் ஒரே ஓர் அறிகுறிக் கூட்டத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. மிக அரிதாக, பத்தாயிரம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு, சூடு அதையும் பாதித்து இரண்டுக்கும் நடுவே துளை விழுகிறது. சிகிச்சைக்குப் பின் சுமார் ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் இழுத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு போகாமல், அப்லேஷன் நடந்த மருத்துவமனைக்கே போய், சிகிச்சை நடந்த தேதியைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காலக்கெடு மாதங்களில் நகர்கிறது. அது மேலறையின் வடிவத்தைப் பற்றியது. உடல்பருமன், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, குறட்டையோடு வரும் உறக்க மூச்சடைப்பு ஆகியவை மேலறையை ஆண்டுக்கணக்கில் விரித்து, நார்த்திசுவால் நிரப்பியிருக்கும். சிரைகளின் வாயை அடைத்தாலும் அந்த மேலறை அங்கேயேதான் இருக்கிறது. மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் என்று தெரியவந்தது. ஆக, இந்த நாட்டில் அப்லேஷன் முடிந்து எழும் பலரின் அடுத்த சிகிச்சை எடையும் நடையும்தான்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ராஜீவ் பதக், பிரசாந்தன் சாண்டர்ஸ் குழு 2015-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. எடையைப் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்கள், சீரற்ற துடிப்பிலிருந்து விடுபட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 308 பேரைத் தொடர்ந்த இன்னோர் ஆய்வில், உடல்திறனை இரண்டு மெட் உயர்த்திக்கொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மெட் என்பது ஏரிப் பூங்காவின் நடைக்கும் நண்பர்களோடு ஆடும் பூப்பந்துக்கும் உள்ள இடைவெளி. தொலைதூர இலக்கு அன்று.

எவ்வளவு போதும், எது அதிகம்

நார்வேயின் ட்ரொன்ஹைமில் அப்லேஷனுக்குக் காத்திருந்த 51 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள், தலா நான்கு நிமிடக் கடும் பயிற்சி நான்கு சுற்று, பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். துடிப்பை இடைவிடாமல் பதியும் சிறு கருவி எல்லார் நெஞ்சிலும் இருந்தது. பயிற்சிக் குழு ஃபிப்ரிலேஷனில் கழித்த நேரம் 8.1 விழுக்காட்டிலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. சும்மா இருந்த குழுவுக்கு 10.4-லிருந்து 14.6 ஆக ஏறியது. 2016-இல் வெளிவந்த இந்த முடிவு, ‘நோயாளிக்கு ஓய்வே மருந்து’ என்ற பழைய எண்ணத்தை அசைத்தது. பிறகு அடிலெய்டில் 120 பேரிடம் நடந்த சோதனையில், மேற்பார்வையோடும் வீட்டிலுமாக வாரம் மூன்றரை மணி நேரம் வரை பயிற்சி செய்தவர்களில் ஓராண்டு முடிவில் 40 விழுக்காட்டினர் ஃபிப்ரிலேஷன் இல்லாமல் இருந்தார்கள். மற்றவர்களில் 20 விழுக்காடு மட்டுமே. அமெரிக்க வழிகாட்டி 2023-இல் வாரம் 210 நிமிடம் என்று எழுதியது இந்தக் கணக்கில்தான். நாளுக்கு அரை மணி. கோப்பன்ஹேகனில் அப்லேஷன் முடிந்த 210 பேரிடம் நடந்த ஆய்விலும், பன்னிரண்டு வார மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களின் உடல்திறன் தெளிவாக உயர்ந்தது.

இன்னொரு கோடியும் உண்டு. சுவீடனின் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசலோப்பெட்டை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு ஒருமுறை முடித்தவர்களைவிட ஃபிப்ரிலேஷன் அபாயம் 29 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நெடுந்தூர ஓட்டத்தில் அந்தப் பனிச்சறுக்கு வீரர்கள் அளவுக்குப் போகாதவர் இதைக் கேட்டு நடையை நிறுத்த வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பல மாரத்தான் என்று ஓடிக்கொண்டிருந்தவர்தான் சிகிச்சைக்குப் பின் தன் தூரத்தை மருத்துவரோடு மறுபடி பேச வேண்டும்.

மருந்து மாற்றிவைக்கும் கணக்குகள்

உடற்பயிற்சிக் கூடங்களில் சுவரில் ஒட்டியிருக்கும் ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கு, பீட்டா தடுப்பான் மாத்திரை விழுங்குகிறவருக்கு உதவாது. அந்த மருந்து துடிப்பின் உச்சத்தையே இறக்கிவிடுகிறது. 60 வயதுக்காரர் 160-இல் 70 விழுக்காடு என்று 112-ஐத் துரத்தினால், மாத்திரை போட்ட உடம்பு அதை எட்ட முக்கித் திணறும். துடிப்பு இன்னும் சீரற்றே இருப்பவருக்கோ கடிகார எண்ணே நம்பத் தக்கதன்று. எளிய அளவுகோல் பேச்சு. பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த, 6-லிருந்து 20 வரை எண்ணிட்ட உழைப்புணர்வு அளவுகோலில் முதல் இரண்டு மாதம் 11-லிருந்து 13-க்குள் நின்றால் போதும்.

ஃபிளெக்கனைட், ப்ரோபஃபினோன் மாத்திரைகளுக்கு வேறொரு கவனம் தேவை. இவை சில சமயம் ஃபிப்ரிலேஷனை ஒழுங்கான ஃபிளட்டராக மாற்றிவிடும். வழக்கமான ஃபிளட்டரில் மேலறை 300 முறை அடிக்க, சுங்கச்சாவடி இரண்டுக்கு ஒன்றாக 150-ஐ விடும். இந்த மருந்தோ மேலறையை 200-க்கு இறக்கிவிடுகிறது. வரிசை மெதுவாகிவிட்டதால் சாவடியால் ஒவ்வொரு காரையும் விட முடிகிறது. கீழறை திடீரென்று 200-க்குத் தாவுகிறது. அட்ரினலின் முகப்புகளைத் திறந்திருக்கும் விளையாட்டு நேரத்தில் இது நடந்தால் ஆள் மயங்கி விழலாம். அதனால்தான் இந்த மருந்தோடு சாவடியை இறுக்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். படபடப்பு வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும்படி இந்த மாத்திரையைப் பையில் வைத்திருப்பவர், அதை விழுங்கிய பின் படபடப்பு அடங்கி, மருந்தும் உடம்பைவிட்டு நீங்கும் வரை, பொதுவாக இரண்டு நாளுக்கு, ஆடுகளத்துக்குப் போகக் கூடாது.

வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற உறைவு தடுப்பு மருந்துகளை அப்லேஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு மாதம், பக்கவாத அபாயம் உள்ளவர் அதற்குப் பின்னும் எடுத்தாக வேண்டும். துடிப்பு சீராகிவிட்டது என்பதற்காக நிறுத்துவதற்கில்லை. இந்த மருந்துகள் நடையையோ, நீச்சலையோ, பூப்பந்தையோ தடுப்பதில்லை. தலையில் அடிபடக்கூடிய காற்பந்து, சிலம்பம், தற்காப்புக் கலைகள் வேறு.

வெயில், புகைமூட்டம், 272 படிகள்

மேலே சொன்ன ஆய்வுகள் எவையும் நம்முடைய தட்பவெப்பத்தில் நடந்தவை அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் காலை ஏழு மணிக்கே காற்று ஈரத்தால் கனத்துக் கிடக்கும். பிற்பகலில் வெப்பம் 33 பாகையைத் தொடும். இரத்தத்தின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதால், அதே வேகத்தில் நடந்தாலும் நிமிடங்கள் செல்லச் செல்லத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வியர்வையோடு உப்புச் சத்துகளும் வெளியேறும். நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறவருக்குப் பொட்டாசியம், மெக்னீசியம் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். சீரற்ற துடிப்புக்கு அது வாசல். விடியலிலோ மாலை மங்கிய பின்னோ நடப்பதும், தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடிப்பதும் இங்கே மருத்துவ அறிவுரை.

2015-லும் 2019-லும் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டம் போன்ற நாள்களில், ஐபியு என்னும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பயிற்சியை வீட்டுக்குள்ளோ பேரங்காடிக்குள்ளோ மாற்றிக்கொள்ளலாம். நுண்துகள்கள் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியவை.

பூப்பந்தும் ஃபுட்சலும் நடையைப் போலப் படிப்படியாக ஏறுவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல், நிறுத்தம், மறுபடி பாய்ச்சல். பத்து நிமிடம் உடலைச் சூடேற்றாமல் களமிறங்குவதும், ஆட்டம் முடிந்ததும் சட்டென்று உட்கார்ந்துவிடுவதும் குணமாகிவரும் மேலறைக்கு ஆகாது. ஆட்டத்துக்குப் பிந்திய பீருக்கும் கணக்கு உண்டு. மதுப் பழக்கமும் ஃபிப்ரிலேஷனும் உள்ள 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த, 2020-இல் வெளிவந்த சோதனையில், குடியை விட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது.

நம்மவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்வு பத்துமலை. 272 படிகளை நிதானமாக, இளைப்பாறி ஏறுவது நான்கு மெட் வேலை. எட்டு வாரம் கடந்து, அரை மணி விரைவு நடை பழகியவருக்கு எட்டக்கூடியதே. தைப்பூச நாளில் ஏறுவது வேறு கதை. விரதம், தூக்கமின்மை, இரவு முழுதும் நடை, நெரிசல், தோளில் காவடி எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. அதற்கும் மேலாக, உறைவு தடுப்பு மருந்து எடுப்பவர் அலகு குத்திக்கொண்டால் இரத்தம் நிற்பது கடினம். நேர்த்திக்காக மருந்தைத் தாமே நிறுத்தினால் பக்கவாத அபாயம். பால்குடம் எடுப்பதும், கூட்டமில்லாத நாளில் படியேறுவதும் அந்த ஆண்டுக்கான மாற்று. மருத்துவரிடம் கேட்கத் தயங்கிப் பலர் மறைத்துவிடும் விஷயம் இது. தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

மற்றச் சிகிச்சைகள்

எல்லாச் சீரற்ற துடிப்பும் ஃபிப்ரிலேஷன் இல்லை. பிறப்பிலேயே அமைந்த கூடுதல் மின்பாதையால் வரும் எஸ்விடி வகைகளுக்கான அப்லேஷன் சுருக்கமானது. இதயம் வேறு குறையில்லாமல் இருந்தால் ஓரிரு வாரத்திலேயே பலரும் விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இத்தாலிய மிதிவண்டி வீரர் எலியா விவியானி 2021 ஜனவரியில் அப்லேஷன் செய்துகொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பேஸ்மேக்கர் பொருத்தியவர் கம்பி இதயத்தில் பிடித்துக்கொள்ளும் வரை, நான்கு முதல் ஆறு வாரம், அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது; பூப்பந்து ஸ்மாஷ் காத்திருக்கட்டும். தேவைப்படும்போது அதிர்வு கொடுக்கும் ஐசிடி கருவி உள்ளவர், அது விழித்துக்கொள்ளும் துடிப்பு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பத்துக் குறைவாக நிற்க வேண்டும். அந்தக் கருவியோடு விளையாடிய 372 பேரை அமெரிக்காவின் ரேச்சல் லாம்பர்ட் குழு பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்டபோது, சிலருக்கு அதிர்வு கிடைத்திருந்தாலும் ஆடுகளத்தில் சீரற்ற துடிப்பால் ஒருவரும் இறக்கவில்லை.

எப்போது நிறுத்துவது

ஓரிரு துடிப்பு தவறுவதும், பயிற்சிக்குப் பின் சற்றே களைப்பதும் முதல் மாதங்களில் இயல்பு. குறித்து வைத்து அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். படபடப்பு தொடங்கினால் நிறுத்தி, நிழலில் உட்கார வேண்டும். அரை மணியில் அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்கம், நெஞ்சு இறுக்கம், ஓய்விலும் தீராத மூச்சுத் திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் காத்திருப்பதற்கில்லை, 999-ஐ அழைக்க வேண்டும். முதல் மாதங்களில் தனியாகப் போகாமல் துணையோடு நடப்பதும், உறைவு தடுப்பு மருந்தின் பெயரை எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் இதற்காகவே.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: எனக்கு இருந்தது எந்த வகைத் துடிப்பு? நான் எடுக்கும் மருந்து பயிற்சியின்போது என்ன செய்யும்? இந்த மாதம் எவ்வளவு உழைக்கலாம், அடுத்த மாதம் எவ்வளவு? அடுத்த ஈசிஜி எப்போது? மாத்திரைக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தருகிறவர்கள் நடைக்கும் அப்படி எழுதித் தருவதற்குத் தடையில்லை. கேட்டால் எழுதித் தருவார்கள்.